வைகை நிற்காத வாசல்

சென்னை விமான நிலையத்துக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலை. சாலையைத் தாண்டினால், திரிசூலம் மலையடிவாரத்தை ஒட்டி ரயில் பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே புறப்படும் வைகையும் பாண்டியனும் பொதிகையும் மலைக்கோட்டையும் இந்தப் பாதையில்தான் ஓடுகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு முனையத்தின் கண்ணாடிச் சுவர் தெரியும். முனையத்து வாசலில் நிற்பவருக்கு வண்டியின் சத்தம் கேட்கும். நாட்டில் பல நகரங்கள் கோடிக்கணக்கில் கொட்டி, சுரங்கம் குடைந்து, தூண் எழுப்பித் தேடிக்கொண்ட நெருக்கம் இது. சென்னைக்கு அது தானாகவே வாய்த்தது. புறநகர் மின்சார ரயில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லிருந்து ஓடுகிறது.

துபாயிலிருந்து இறங்கும் ஒருவர் விருத்தாசலம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊருக்குப் போகிற வண்டி கண்ணெதிரே கடந்து போகும். ஆனால் திரிசூலத்தில் நிற்காது. அந்த வண்டியைப் பிடிக்க அவர் டாக்சி வைத்துக்கொண்டு எழும்பூருக்குப் போக வேண்டும். அதாவது ஊருக்கு எதிர்த் திசையில் பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். அங்கே காத்திருந்து ஏறினால், முக்கால் மணி நேரத்துக்குள் அதே விமான நிலையத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டு போகலாம். விவரம் தெரிந்தவர் என்றால் திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்து நான்காவது நிலையமான தாம்பரத்தில் இறங்கி அங்கே ஏறிக்கொள்வார். கையில் இரண்டு பெட்டி, முப்பது கிலோ, கூடவே குழந்தை என்றால் இந்த விவரமெல்லாம் உதவாது. பெரும்பாலானவர்கள் ஊரிலிருந்தே வண்டி வரவழைத்துவிடுகிறார்கள். நள்ளிரவில் வருகைப் பகுதிக்கு வெளியே பூச்செண்டோடும் தூக்கக் கலக்கத்தோடும் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் விழுப்புரத்துக்கும் திருவாரூருக்கும் அப்பால் இருந்து டவேராவிலும் இன்னோவாவிலும் வந்தவர்கள்தானோ என்று தோன்றும்.

விமான நிலையத்துக்கு ரயில் என்றதும் நம் பேச்சு மெட்ரோவுக்குத் தாவிவிடுகிறது. நகரத்தின் நடுவிலிருந்து விமான நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதே கேள்வியாகிவிடுகிறது. ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்குபவர் எல்லாரும் சென்னைக்காரர்கள் அல்ல. இந்த விமான நிலையம் வட தமிழகத்துக்கும் டெல்டாவுக்கும் பாண்டிச்சேரிக்கும் ஆந்திர எல்லை ஊர்களுக்கும் சேர்த்து வாசல். அந்த ஊர்களில் பலவற்றை இணைக்கும் தண்டவாளம் வாசலிலேயே கிடக்கிறது. வண்டி மட்டும் நிற்பதில்லை.

நனையாமல் நடந்தவர்கள்

ரயிலையும் விமானத்தையும் சேர்த்துவைக்கும் யோசனை புதிதல்ல. பெர்லினின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்துக்கு 1927-லேயே சுரங்க ரயில் வந்துவிட்டது. லண்டனுக்குத் தெற்கே கேட்விக்கில் 1936-ல் வட்ட வடிவில் ஒரு முனையம் கட்டினார்கள். தேன்கூடு என்று அதற்குப் பெயர். ரயில் நடைமேடையிலிருந்து அந்த முனையத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறியவர் மழையில் ஒரு சொட்டுகூட நனையாமல் விமானத்தின் பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். வடிவமைத்தவர்களுக்கு ஒன்று புரிந்திருந்தது: பயணிக்குக் கிலோமீட்டர் பெரிதல்ல, பெட்டியோடு நடக்கும் கடைசி முன்னூறு மீட்டர்தான் பெரிது.

இந்தப் பாடத்தைப் படிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் நரிட்டாவைச் சொல்ல வேண்டும். டோக்கியோவிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். 1966-ல் இடம் அறிவித்த நாளிலிருந்து அங்கிருந்த விவசாயிகள் நிலத்தைத் தர மறுத்துப் போராடினார்கள். 1978 மார்ச்சில் போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கியதில் திறப்பு விழாவே மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஊரைத் தாண்டி அவ்வளவு தூரத்தில் கட்டுகிறோமே, புல்லட் ரயில் விட்டுவிடலாம் என்று அரசு திட்டமிட்டு, முனையத்தின் அடியிலேயே நிலையத்துக்கான கூட்டையும் கட்டிவைத்தது. பாதைக்கு நிலம் கிடைக்கவில்லை, திட்டம் நின்றது. தனியார் நிறுவனமான கெய்செய் தன் ரயிலைக் கொண்டுவந்தது. ஆனால் அதன் நிலையம் முனையத்துக்கு வெளியே அமைந்தது. இறங்கி, பெட்டிகளைத் தூக்கிப் பேருந்தில் வைத்து, மறுபடியும் இறக்க வேண்டும். அடியில் ஒரு நிலையம் இருட்டில் சும்மா கிடக்க, மேலே பயணிகள் பேருந்துக்கு வரிசையில் நின்றார்கள். 1991-ல்தான் அந்தக் காலிக் கூட்டுக்குள் சாதாரண ரயில் பாதைகளைக் கொண்டுவந்து இணைத்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள்!

ஷாங்காயில் கதை வேறு. 2004 முதல் காந்தத்தில் மிதந்து ஓடும் ரயில், 2021 வரை மணிக்கு 431 கிலோமீட்டர் வேகம். முப்பது கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் விழுங்கிவிடும். எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தால் லோங்யாங் சாலையில். அங்கிருந்து நகரத்தின் நடுவுக்கு மெட்ரோ மாற வேண்டும். ஏறியவர்கள் வேகமானியைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ரயில் என்ன வேகத்தில் போகிறது என்பதைவிட எங்கே போய் நிற்கிறது என்பதுதான் பயணிக்கு முக்கியம்.

பத்து ரூபாய் டிக்கெட், ஏறத்தான் ஆளில்லை

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல சாட்சி உண்டு. பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில் 2008-ல் திறந்தது. நகரத்திலிருந்து டாக்சிக்கு ஆயிரம் ரூபாய் வரை ஆகும். நெரிசலில் மாட்டினால் விமானமே போய்விடும். விமான நிலையச் சுற்றுச்சுவரை ஒட்டி யெலஹங்கா–சிக்பள்ளாப்பூர் ரயில் பாதை முன்பிருந்தே கிடந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஒரு சின்ன நிறுத்தம் கட்டித் திறந்தார்கள். டிக்கெட் பத்து, பதினைந்து ரூபாய். நிறுத்தத்திலிருந்து முனையத்துக்கு இலவசப் பேருந்து. செய்தித்தாள்கள் கொண்டாடின.

ஆனால் கூட்டம் வரவில்லை. ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். அவையும் விமானங்கள் கிளம்பும் நேரத்தைப் பார்த்து ஓடவில்லை. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விமானத்தைப் பிடிக்கப் போகிறவன் அந்தத் துணிச்சலுக்கு வரமாட்டான். அந்த நிறுத்தத்தை அதிகம் நம்பியவர்கள் விமான நிலையத்தில் வேலைக்குப் போகிறவர்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. பல இடங்களில் விமான நிலைய ரயில்களின் அன்றாட வாடிக்கையாளர்கள் ஊழியர்கள்தாம். பயணி ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். துப்புரவுப் பணியாளர், சுமை ஏற்றுபவர், பாதுகாப்புக் காவலர், காபிக் கடைப் பையன் தினமும் வருவார்கள், அதுவும் விடியற்காலை நான்கு மணிக்கும் இரவு பன்னிரண்டு மணிக்கும். திரிசூலத்தில் காலை வேளையில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் கழுத்தில் அடையாள அட்டை தொங்குபவர்கள் எத்தனை, பெட்டி உருட்டுபவர்கள் எத்தனை என்று கண்ணாலேயே கணக்குப் பார்க்கலாம். சீசன் டிக்கெட்காரர்களை நம்பி நாளெல்லாம் வண்டி ஓடினால்தான், எப்போதாவது வரும் பெட்டிக்காரருக்கும் வண்டி கிடைக்கும். பணக்காரப் பயணிக்கென்று தனி ரயில் விட்டவர்கள் பட்ட பாடு வேறு கதை.

அந்தக் கதை டெல்லியில் நடந்தது. 2011 பிப்ரவரியில் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பாதை திறந்தது. புது டெல்லி ரயில் நிலையத்தின் எதிரிலிருந்து விமான நிலையத்துக்கு இருபது நிமிடம். மெத்தை இருக்கை, பெட்டி வைக்க இடம், நகரத்திலேயே விமானத்துக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகும் வசதி. ரிலையன்ஸ் இன்ஃப்ரா தலைமையிலான நிறுவனம் முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் நடத்தியது. கட்டணம் அதிகம், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2012 ஜூலையில் மேம்பாலத்தின் தாங்கிகளில் குறைபாடு என்று சேவையே நின்றது. 2013 ஜனவரியில் மீண்டும் ஓடியது; அந்த ஆண்டு நடுவிலேயே தனியார் நிறுவனம் கைகழுவியது. டெல்லி மெட்ரோ தானே எடுத்து நடத்திக் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்து 60 ரூபாய்க்குக் கொண்டுவந்ததும் கூட்டம் ஏறியது. நஷ்ட ஈட்டு வழக்கு மட்டும் உச்ச நீதிமன்றத்தில் 2024 வரை ஓடியது.

கோலாலம்பூரிலும் கட்டணம்தான் இடறுகிறது. 2002-ல் தொடங்கிய கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் 57 கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குள் கடந்து கே.எல். சென்ட்ரலில் கொண்டுவந்து விடும். ஒருவழிக் கட்டணம் 55 ரிங்கிட் வரை ஏறியதும் நான்கு பேர் கொண்ட குடும்பம் காரைத்தான் தேடும். சிக்கனக்காரர் பேருந்தில் ஏறுவார். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கே.எல். சென்ட்ரல் வெறும் நகர நிலையம் அல்ல. சென்னையிலிருந்து போய் இறங்கும் ஈப்போ தமிழர் அதே கட்டடத்திலேயே மாடி மாறி வடக்கே போகும் மின்சார விரைவு ரயிலில் ஏறிவிடலாம். தலைநகரத்துக்கு ஒரு ரயில், நாட்டுக்கு ஒரு ரயில், இரண்டும் ஒரே கூரையின் கீழ்.

ரயிலுக்கு விமான எண்

ஐரோப்பியர்கள் இதை இன்னும் ஒரு படி தாண்டினார்கள். சூரிச் விமான நிலையத்தின் அடியில் 1980-லிருந்தே நாட்டின் பெரிய ஊர்களுக்கெல்லாம் போகும் ரயில்கள் வந்து நிற்கின்றன. ஜெர்மனியின் லுஃப்தான்சா 1982-ல் டுசெல்டார்ஃபுக்கும் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கும் இடையே விமான எண் போட்டே ஒரு ரயிலை ஓட்டியது. பின்னர் அது நின்றாலும் யோசனை நிற்கவில்லை. 1999-ல் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் நெடுந்தூர ரயில்களுக்கென்றே தனி நிலையம் திறந்தது. கொலோன் நகர ரயில் நிலையத்துக்கு விமான நிலையங்களுக்குத் தருவது போலவே மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சென்னையிலிருந்து கொலோனுக்கு ஒரே டிக்கெட் எடுக்கலாம். கடைசித் துண்டு ரயிலில். விமானம் தாமதமானால் அடுத்த ரயிலில் இடம் தருவது விற்றவர் பொறுப்பு; ரயில் தாமதமானால் அடுத்த விமானத்தில் இடம் தருவதும் அவர் பொறுப்பு.

பிரான்ஸ் சட்டமே போட்டது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று 2023-ல் ஆணை வந்தது. பாரிஸின் ஒர்லியிலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஊர்களுக்கு விமானம் தடையானது. இதைச் சுற்றுச்சூழல் புரட்சி என்று கொண்டாடியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: விதியின் வலையில் மாட்டியவை மொத்தமே மூன்று வழித்தடங்கள்தாம். மற்ற சிலவற்றுக்கு, குறிப்பாக சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு, காலையில் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி ரயில் இல்லை என்பதால் விலக்கு. அட்டவணை சரியில்லாத இடத்தில் சட்டமும் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் இந்தப் பொறுப்பு முழுவதும் பயணியின் தலையில். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம்; எழும்பூரில் வண்டி போய்விட்டது; டிக்கெட் பணமும் போய்விட்டது. 2019-லிருந்து ரயில்வேயில் ஒரு நல்ல விதி இருக்கிறது: இரண்டு ரயில்களின் பி.என்.ஆர். எண்களை இணைத்துவிட்டால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டவருக்குப் பயணிக்காத பகுதியின் பணம் திரும்பக் கிடைக்கும். ரயிலுக்கும் ரயிலுக்கும் போட்ட முடிச்சை விமானத்துக்கும் ரயிலுக்கும் போட முடியாதா? தண்டவாளம் வேண்டாம், தூண் வேண்டாம், நிலம் வேண்டாம். கணினியில் ஓர் இணைப்பும் இரண்டு அமைச்சகங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தமும் போதும். செலவே இல்லாத வேலைகள்தாம் நம் நாட்டில் எப்போதும் கடைசியில் நடக்கின்றன. திறப்பு விழா வைக்க முடியாதே!

இரவு பதினொன்றுக்கு மேல்

சென்னை மெட்ரோவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2016 செப்டம்பரில் விமான நிலையத்திலிருந்து சின்னமலை வரை ஓடத் தொடங்கி, 2019-ல் சென்ட்ரலைத் தொட்டு, இப்போது விம்கோ நகர் வரை போகிறது. அதிகபட்சக் கட்டணமே ஐம்பது ரூபாய். முனையத்திலிருந்து நிலையத்துக்குக் கூரையுள்ள நடைபாதை, மின்தூக்கி. கேட்விக்கின் வட்ட முனையத்தில் இருந்த அறிவு இங்கே இருக்கிறது. வடக்கே போகும் வண்டிகளைப் பிடிக்கும் பயணிக்கு விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் வரை நேர்வண்டி என்பது பெரிய வரம். டெல்லி செய்த தவற்றை, அதாவது விமானப் பயணி என்றாலே பை கனத்தவர் என்று நினைப்பதை, சென்னை செய்யவில்லை.

குறை நேரத்தில் இருக்கிறது. மெட்ரோ காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு ஓய்ந்துவிடும். வளைகுடாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் வரும் விமானங்கள் பல, சரியாக அந்த இடைவெளியில்தான் இறங்குகின்றன. கையில் காசு எண்ணி ஊருக்கு வரும் தொழிலாளிதான் அதில் அதிகம். ரயில் அதிகம் தேவைப்படுகிறவர் இறங்கும் நேரத்தில் ரயில் இல்லை. பராமரிப்புக்கு இரவு வேண்டும் என்பது நியாயமான காரணம். அந்த ஆறு மணி நேரத்துக்குத் திரிசூலம்–தாம்பரம்–கிளாம்பாக்கம் என்று பெட்டி வைக்க இடமுள்ள பேருந்துகளை அடுக்கடுக்காக விட ரயில்வேயின் அனுமதிகூட வேண்டாம்.

கிளாம்பாக்கத்தைச் சொன்னால் ஒரு பெருமூச்சு வரும். தென் மாவட்டப் பேருந்துகளுக்கான பெரிய முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தார்கள்; மின்சார ரயில் பாதை அருகிலேயே போகிறது; ஆனால் முனையம் திறந்த நாளில் ரயில் நிலையம் இல்லை. விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோவை நீட்ட 15.46 கிலோமீட்டர் திட்டம் தயாராகியிருக்கிறது. அது வந்தால் விமானத்தில் இறங்கியவர் மெட்ரோவில் போய்ப் பேருந்தில் ஏறலாம். நல்லதுதான். ஆனால் ரயிலில் போக வேண்டியவரையும் பேருந்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடாக அது முடிந்துவிடக் கூடாது.

விரைவு வண்டிகளைத் திரிசூலத்தில் நிறுத்தினால் என்ன என்ற கேள்விக்கு ரயில்வே பக்கமும் நியாயம் உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொண்ட வண்டிக்கு நீண்ட நடைமேடை வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் பின்னால் வரும் வண்டிகளையும் தாமதப்படுத்தும். ஏற்கெனவே மாம்பலத்திலும் தாம்பரத்திலும் நிற்கிற வண்டி நடுவில் இன்னொரு இடத்திலும் நிற்பதா? எல்லா வண்டியும் நிற்க வேண்டாம். இரவில் தெற்கே போகிறவற்றில் சில, விடியலில் வருகிறவற்றில் சில போதும். அதுவும் முடியாதென்றால் திரிசூலத்திலிருந்து தாம்பரத்தின் விரைவு வண்டி நடைமேடைக்குப் படியேறாமல் போகும்படியாவது செய்யலாம்: ஜி.எஸ்.டி. சாலைக்குக் கீழே செல்லும் பாதையில் பெட்டியோடு இறங்கி ஏற மின்தூக்கி, மின்சார ரயிலில் பெட்டிக்கென்று ஒதுக்கிய இடம், தாம்பரத்தில் நடைமேடை மாற சாய்தளம்.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விமான நிலையங்களுக்குக் கார் நிறுத்தக் கட்டணமும் டாக்சி நிறுவனங்கள் தரும் பணமும் கடை வாடகையும் பெரிய வருமானம். ரயிலில் வந்து போகிறவர் நிறுத்தக் கட்டணம் கட்டுவதில்லை. மீனம்பாக்கத்தில் பல அடுக்குக் கார் நிறுத்தம் வந்தது, அதோடு திரையரங்கமும் வந்தது. படம் பார்க்கப் போகிறவருக்கு இருக்கும் அக்கறை விருத்தாசலத்துக்காரருக்கும் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

அடிக்கல்லும் அதற்குப் பிறகும்

முனையம் கட்டி முடித்த பிறகு ரயில் கேட்டால் என்ன நடக்கும் என்பதைக் கொச்சியில் பார்க்கலாம். நெடும்பாசேரி விமான நிலையம் 1999-ல் திறந்தது. ரயில் பாதை பக்கத்திலேயே. நிலையம் கட்ட 2010-ல் அடிக்கல் நாட்டினார்கள். வளைகுடாப் பயணிகளை நம்பியே வளர்ந்த அந்த விமான நிலையத்தை ஒட்டிப் பத்தாண்டுக்கும் மேலாக வண்டிகள் நிற்காமல் ஓடின. அந்தப் பேச்சுக்கு மறுபடி உயிர் வந்தது மிக அண்மையில்தான். திருச்சியிலும் 2024 ஜனவரியில் பிரம்மாண்டமான புதிய முனையம் திறந்தது. கோபுரச் சாயலும் வண்ண ஓவியமும் அழகுதான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும் மன்னார்குடிக்காரர் ஜங்ஷனுக்குப் போக ஆட்டோவைத்தான் தேடுகிறார், ஐந்து கிலோமீட்டருக்கு.

இப்போது பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022-ல் அறிவித்த இடம். ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நரிட்டாவின் வரலாறு தெரிந்தவர் யாரும் அந்த எதிர்ப்பை அலட்சியமாகப் பார்க்க மாட்டார். அங்கே விமான நிலையம் வர வேண்டுமா என்பது தனி விவாதம். வருகிறது என்றே வைத்துக்கொண்டால், பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் மெட்ரோ நீட்டுவதற்கான திட்டம் இருக்கிறது. நகரத்திலிருந்து போகிறவருக்கு அது. நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் மெட்ரோவில் அவ்வளவு தூரம் பெட்டியோடு உட்கார்ந்திருப்பது எளிதல்ல. இடையில் நிற்காத வண்டிகளுக்குப் பாதை விட்டுக் கட்டினால்தான் எடுபடும்.

அங்கேயும் ஒரு தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. பரந்தூருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை, காஞ்சிபுரம் வழியாக. அதன் ஒரு முனையில் விழுப்புரமும் திருச்சியும் மதுரையும். மறுமுனையில் காட்பாடியும் பெங்களூருவும் திருப்பதியும். அந்தப் பாதையிலிருந்து முனையத்தின் அடிக்கு ஒரு கிளை போட்டால், சென்னைக்குள் நுழையாமலேயே பாதித் தமிழ்நாடு விமானம் ஏறலாம். அந்தக் கிளைக்கு இடம் இப்போது, ஓடுபாதைக்குக் கோடு போடும் அதே காகிதத்தில் ஒதுக்க வேண்டும். கட்டடம் எழும்பி, கார் நிறுத்தம் எழும்பி, அதைச் சுற்றி ஹோட்டல்கள் எழும்பிய பிறகு கேட்டால் அடிக்கல் ஒன்று கிடைக்கும்.